மாத்திரையை நிறுத்தியதும் திரும்பி வந்த நெஞ்செரிச்சல்

ஐந்து மாதம் காலையில் வெறும் வயிற்றில், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரை 20 மில்லிகிராம் சாப்பிட்டேன். வயிறு சரியாகிவிட்டதென்று ஒருநாள் நானே நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாளே நெஞ்செரிச்சல், அதுவும் முன்பைவிடக் கடுமையாக.

காரத்தை விட்டேன், காபியை விட்டேன், தலையணையை உயர்த்தினேன். பயனில்லை. இரவில் குளிர்ந்த பால் குடித்தால் கால் மணி நேரம் இதமாக இருக்கும். பிறகு மறுபடி எரியும். துப்பு அதில்தான் இருந்தது.

பத்து நாள் வீணான பிறகு மருத்துவர் விளக்கினார். அமிலம் குறைந்தால், இரைப்பையின் கீழ்ப்பகுதியில் உள்ள ஜி செல்கள் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். 'அமிலம் கொண்டு வா' என்பதே அதன் கட்டளை. மாத்திரை இருக்கும்வரை அது செல்லுபடியாகாது. நிறுத்தியதும் மடை திறந்துவிடுகிறது. பாலில் உள்ள புரதமும் கால்சியமும்கூட அமிலச் சுரப்பைத் தூண்டுபவையாம்! நான் எரிகிற அடுப்புக்கு விறகு வைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னபடி மீண்டும் தொடங்கினேன்: இரண்டு வாரம் தினமும் 10 மில்லிகிராம், அடுத்த இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். இடையில் எரிந்தால் மட்டும் அமிலத்தை முறிக்கும் ஆன்டாசிட் திரவம். ஐந்தாம் வாரம் முழுவதுமாக நிறுத்தினேன். அந்தத் திரவம் பாதிப் பாட்டில் அப்படியே மிச்சம் இருக்கிறது.