லேபிள் இல்லாமல் தமிழ் பாப் ஆல்பம் வெளியிடுவது எப்படி? (சிங்கப்பூரில் இருந்து செய்கிறவர்களுக்கு)

பாட்டு எழுதுவது, மெட்டுப் போடுவது, பாடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். மிக்ஸ், மாஸ்டர் பற்றி யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. பாட்டெல்லாம் தயாராகிக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறது, லேபிள் இல்லை, மேனேஜர் இல்லை, நாமே வெளியிட வேண்டும் என்ற நிலையில் என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் தங்கை பாடிய எட்டுப் பாட்டு ஆல்பத்தை வெளியிடும் வேலை என் தலையில் விழுந்தது, அதில் கற்றுக்கொண்டவை இவை.

ஒலிப்பதிவைப் பற்றிக் கொஞ்சம் மட்டும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் குரல் பதிவு செய்வதாக இருந்தால் சனி, ஞாயிறைத் தேர்ந்தெடுங்கள். சுவர் உடைப்பது, துளை போடுவது மாதிரி சத்தம் போடும் புதுப்பிப்பு வேலைகளுக்கு வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி, வாரயிறுதியில் கிடையாது. ஃபேனை நிறுத்திவிட்டு, அலமாரியைத் திறந்து தொங்கும் துணிகளைப் பார்த்து நின்று பாடினால் அறையின் எதிரொலி நன்றாகக் குறையும். விலை உயர்ந்த கண்டென்சர் மைக் வாங்கிவிடாதீர்கள், அது அடுத்த வீட்டில் பூண்டு இடிக்கும் சத்தத்தையும் சேர்த்துப் பிடிக்கும். ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் நம் வீடுகளுக்குப் போதும். ஒலிப்பதிவு மென்பொருளில் என் ஓட்டு ரீப்பருக்கு. 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

1. கோப்புகள்

ஒவ்வொரு பாட்டையும் 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக எடுங்கள். எம்பி3 வேண்டாம். சத்த அளவில் போட்டி போட வேண்டியதும் இல்லை, ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடும். நீங்கள் நசுக்கி நசுக்கிச் சத்தத்தை ஏற்றினால் அது இறக்கிவிடும், நசுங்கியதுதான் மிச்சம். அளந்து பார்க்க யூலீன் லவுட்னஸ் மீட்டர் இலவசமாகக் கிடைக்கிறது.

2. பெயர் அட்டவணை (இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள்)

ஒரு எக்செல் தாளைத் திறந்து பாட்டுக்கு ஒரு வரிசை போடுங்கள். தலைப்பு, பாடியவர், மெட்டு, வரிகள், இசைக்கோர்வை, வாசித்தவர்கள், மிக்ஸ் செய்தவர், மாஸ்டர் செய்தவர், அப்புறம் மெட்டுக்கும் வரிகளுக்கும் யாருக்கு எத்தனை சதவீதம். நூறுக்குக் கணக்கு வர வேண்டும். இதை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி 'சரி' என்று பதில் வாங்கிய பிறகுதான் விநியோகத் தளத்தின் (அது என்ன என்று 4-இல் சொல்கிறேன்) பதிவேற்றும் பக்கத்தையே திறக்க வேண்டும். நண்பர்கள்தானே, பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால், பாட்டு நன்றாக ஓடிய பிறகு அந்தப் பேச்சு வேறு தொனியில் நடக்கும்.

நான் அதிக நேரம் மாட்டிக்கொண்டு நின்ற இடமும் இதுதான். பதிவேற்றும் பக்கத்தில் பாடலாசிரியர் பெயரைக் கேட்கும் கட்டத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் கட்டாயம். நம்மில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றே கிடையாது. அடையாள அட்டையில் சொந்தப் பெயர், நடுவில் 'இன்னார் மகன்', 'இன்னார் மகள்' என்பதற்கான சாய்கோட்டுக் குறி, அப்புறம் அப்பா பெயர். அந்தக் குறியோடு போட்டால் படிவம் ஏற்கவில்லை. ஒரு பாட்டில் முதலெழுத்தோடும் இன்னொரு பாட்டில் முழுப் பெயரோடும் போட்டால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். கடைசியில் நான் பிடித்துக்கொண்ட வழி: முதல் கட்டத்தில் சொந்தப் பெயர், இரண்டாவதில் அப்பா பெயர், குறி கிடையாது, எட்டுப் பாட்டுக்கும் எழுத்து மாறாமல் ஒரே மாதிரி. புனைபெயரில் எழுதுகிறவராக இருந்தாலும் இந்தக் கட்டத்தில் உண்மைப் பெயர்தான். புனைபெயரை ஆல்பத்தின் கவர் படத்தில் போட்டுக்கொள்ளட்டும்.

அடுத்தது ஆங்கில எழுத்துக்கூட்டல். ழகரம், றகரம், நெடில் வந்தால் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள். ஒன்றை முடிவு செய்து அட்டவணையில் எழுதிவிடுங்கள், பிறகு இன்ஸ்டாகிராம், யூடியூப், கவர் எல்லாவற்றிலும் அதுவேதான். தலைப்பைத் தமிழ் எழுத்தில் போடுவதா ஆங்கில எழுத்தில் போடுவதா என்று சண்டையே நடக்கும். என் கருத்து, தலைப்பு ஆங்கில எழுத்தில், மொழி என்ற இடத்தில் 'தமிழ்', பாடல் வரிகள் தமிழ் எழுத்தில். இங்கே இளையவர்கள் கைப்பேசியில் ஆங்கில விசைப்பலகையில்தான் தேடுகிறார்கள், பிடிக்கிறதோ இல்லையோ. வரிகளை யூனிகோடில் வைத்துக்கொள்ளுங்கள். பாமினி போன்ற யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டியதை அப்படியே ஒட்டினால் குப்பையாகத் தெரியும்.

கூடப் பாடியவர் பெயரைத் தலைப்புக்குப் பக்கத்தில் தட்டச்சு செய்யக் கூடாது, அதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது. பாடகர் பெயர் கொடுக்கும்போது அதே பெயரில் ஏற்கெனவே வேறு யாராவது இருந்தால் தளம் ஒரு பட்டியல் காட்டி 'இவரா?' என்று கேட்கும். அவசரத்தில் 'ஆம்' கொடுத்தால் உங்கள் பாட்டு யாரோ ஒருவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

3. காசு கொடுத்தோமே, நம்முடையதுதானே?

இல்லை, தானாக ஆகாது. சிங்கப்பூரின் புதிய காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 2021 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பு காசு கொடுத்துப் புகைப்படமோ ஒலிப்பதிவோ வீடியோவோ எடுக்கச் சொன்னால் உரிமை, பொதுவாகச் சொன்னவருக்கு. இப்போது எழுத்தில் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் உருவாக்கியவருக்கு. கவர் படம் எடுத்த நண்பர், பாட்டைப் பதிவு செய்து கொடுத்த ஸ்டூடியோ, வீடியோ எடுத்த தம்பி எல்லோரிடமும் ஒரு பக்கத்தில் கையெழுத்து வாங்குங்கள். உரிமை முழுவதும் உங்களுக்கு மாறுகிறதா, ஆல்பத்துக்குப் பயன்படுத்த மட்டும் அனுமதியா, தொகை எவ்வளவு, இவை இருந்தால் போதும். வேலை தொடங்கும் முன்பே வாங்கிவிடுவது நல்லது, முடிந்த பிறகு கேட்டால் சங்கடம். காப்புரிமையைப் பதிவு செய்ய எங்கும் போக வேண்டியதில்லை, இங்கே அப்படி ஒரு பதிவு முறையே கிடையாது.

பழைய சினிமாப் பாட்டு ஒன்றை மாற்றிப் பாடி ஆல்பத்தில் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். உரிமை வைத்திருக்கும் நிறுவனத்திடம் நேரடியாக எழுத்தில் அனுமதி கிடைத்தால் சேருங்கள், கிடைக்காவிட்டால் அதை மேடையோடு விட்டுவிடுங்கள்.

4. எந்தத் தளம் வழியாக அனுப்புவது

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் எல்லாவற்றுக்கும் நாமே நேராக அனுப்ப முடியாது, நடுவில் ஒரு விநியோகத் தளம் வேண்டும். டிஸ்ட்ரோகிட்டில் ஆண்டுச் சந்தா, எத்தனை பாட்டு வேண்டுமானாலும் ஏற்றலாம். ஆனால் சந்தாவை நிறுத்தினால், தனியாக ஒரு தொகை கட்டியிருந்தால் ஒழிய, பாட்டுகள் இறக்கப்படும். சிடி பேபியில் ஆல்பத்துக்கு ஒருமுறை கட்டணம், வருமானத்தில் 9 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். மாதம் ஒரு சிங்கிள் (தனிப்பாட்டு) விடுகிறவருக்கு முன்னது. ஒரு ஆல்பம் போட்டுவிட்டு வேலை, குடும்பம் என்று போய்விடுகிறவருக்குப் பின்னது. எங்களுக்குப் பின்னதுதான் பொருந்தியது.

ஒவ்வொரு பாட்டுக்கும் அதன் பதிவை அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடு கிடைக்கும், தளமே கொடுத்துவிடும். அதை உங்கள் அட்டவணையில் எழுதி வையுங்கள். முதலில் சிங்கிளாக விட்ட பாட்டை ஆல்பத்தில் சேர்க்கும்போதும், பின்னால் வேறு தளத்துக்கு மாறும்போதும், அதே கோப்பையும் அதே குறியீட்டையும் கொடுத்தால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை கூடவே வரும்.

கவர் 3000க்கு 3000 பிக்சல் சதுரம். அதில் இணைய முகவரி, இன்ஸ்டாகிராம் பெயர், விலை எதுவும் இருக்கக் கூடாது.

5. தேதி

வெள்ளிக்கிழமையாகப் பாருங்கள். முடித்த கையோடு 'நாளைக்கே' என்று போடாமல் குறைந்தது நான்கு வாரம் தள்ளி வையுங்கள். ஸ்பாட்டிஃபையின் பாடல் தொகுப்புக் குழுவுக்கு, வெளிவராத பாட்டு ஒன்றை நீங்களே பரிந்துரைக்கலாம். வெளியீட்டுக்கு ஏழு நாளுக்கு முன்பாவது அனுப்பினால், உங்களைப் பின்தொடர்கிறவர்களின் வாராந்திரப் புதுப்பாட்டுப் பட்டியலில் அந்தப் பாட்டு வரும். ஒரு சமயத்தில் ஒரு பாட்டுதான், அதனால் எதை அனுப்புவது என்று வீட்டில் வாக்கெடுப்பு நடத்திக்கொள்ளுங்கள்.

6. பணம் எங்கிருந்து வரும்

ஒரு பாட்டுக்குள் இரண்டு உரிமை இருக்கிறது. பதிவுக்கு ஒன்று, மெட்டுக்கும் வரிகளுக்கும் ஒன்று. விநியோகத் தளம் அனுப்புவது முக்கியமாக முதலாவதன் பணம். சிங்கப்பூரின் தமிழ் வானொலியான ஒலி 96.8-இல் பாட்டு ஒலித்தால் மெட்டுப் போட்டவருக்கும் எழுதியவருக்கும் சேர வேண்டியதை வசூலிப்பது காம்பஸ், அதாவது சிங்கப்பூரின் இசையமைப்பாளர், பாடலாசிரியர் சங்கம். அவர்கள் அதில் உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதிவு செய்திருக்க வேண்டும். அங்கே கொடுக்கும் பெயரும் சதவீதமும் உங்கள் அட்டவணையில் இருப்பதோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். இரண்டாவது படியில் அவ்வளவு நேரம் நின்றதற்கு இதுவும் காரணம்.

ஸ்பாட்டிஃபையை நம்பிக் கடன் வாங்காதீர்கள். 2024 முதல் ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் 1000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்குப் பணம். எட்டுப் பாட்டில் இரண்டு அந்தக் கோட்டைத் தாண்டினால் நல்ல ஆல்பம் என்றே சொல்வேன். அதனால், கேட்கிறவர்கள் ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கும் தளமான பேண்ட்கேம்ப்பிலும் போடுங்கள். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் பணம் செலுத்தும் கட்டணமும் போக மீதி உங்களுக்கு. பத்து வெள்ளி கொடுத்து வாங்கும் சித்தப்பாக்கள் இருபது பேர் இருந்தாலே கணக்கு வேறு மாதிரி இருக்கும்.

பின்சேர்க்கை 1: கவரில் தமிழ் எழுத்து உடைந்து, கொம்பு தனியாகக் கால் தனியாக வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பழைய ஃபோட்டோஷாப் பதிப்பாக இருந்தால் அதன் எழுத்து அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தளவமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறுபடி தட்டுங்கள். எழுத்துருவுக்கு முக்தா மலர், கவிவனார் இரண்டும் இலவசம், வணிகப் பயன்பாட்டுக்கும் தடையில்லை.

பின்சேர்க்கை 2: யூடியூப் கண்டென்ட் ஐடி (மற்றவர்களின் வீடியோவில் உங்கள் பாட்டு இருந்தால் கண்டுபிடித்து உரிமை கோரும் ஏற்பாடு) பெட்டியில் டிக் போடலாமா என்ற கேள்வி. எல்லாவற்றையும் நீங்களே வாசித்திருந்தால் போடுங்கள். வாங்கிய லூப் (தயாராகக் கிடைக்கும் இசைத் துண்டு), வாடகை பீட் (பலருக்கும் உரிமம் கொடுக்கப்படும் பின்னணி இசை) இருந்தால் வேண்டாம். அதே லூப்பை வாங்கிய இன்னொருவரின் வீடியோ மேல் உங்கள் பெயரில் உரிமைக் கோரிக்கை போய் நிற்கும், அவரும் உங்கள் மேல் போடுவார்.

பின்சேர்க்கை 3: அமெரிக்க வரிப் படிவம், டபிள்யூ-8பென். தளங்கள் கேட்கும், நிரப்பித்தான் ஆக வேண்டும். சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி ஒப்பந்தம் இல்லாததால் ஒப்பந்தச் சலுகை கேட்கும் பகுதியைக் காலியாக விடுங்கள். அமெரிக்காவில் இருந்து கேட்கிறவர்களால் வரும் பங்கில் மட்டும் 30 சதவீதம் பிடிப்பார்கள், மற்ற நாட்டு வருமானத்தில் அந்தப் பிடித்தம் இல்லை. இந்தியாவில் இருக்கும் நண்பருக்கு விகிதம் வேறு, அவர் நிரப்பியதைப் பார்த்து நீங்கள் நிரப்பாதீர்கள்.