எல்.எம்.ஏ. பொருத்துவது எப்படி: மயக்கவியல் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

எல்.எம்.ஏ. (லாரிஞ்சியல் மாஸ்க் ஏர்வே) என்பது மயக்கத்தில் இருப்பவரின் மூச்சுப்பாதையைத் திறந்து வைக்க, வாய் வழியே தொண்டையில் பொருத்தும் குழாய். அதை வாய்க்குள் செலுத்தப் பத்து விநாடி போதும். அது உரிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று சோதிக்க மேலும் ஒரு நிமிடம் வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் செருகும் முறையோடு சோதிக்கும் முறைக்கும் நிறைய இடம் கொடுத்திருக்கிறோம். முதல் சில நோயாளிகளுக்கு மூத்த மயக்கவியல் மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே செய்யுங்கள்.

பிரிட்டிஷ் மயக்கவியல் மருத்துவர் ஆர்ச்சி பிரெய்ன் 1981இல் இதை உருவாக்கினார். 1988இல் விற்பனைக்கு வந்தது. மூச்சுக்குழாய்க்குள் போகும் ட்யூபைப் போல இது குரல்நாண்களைத் தாண்டுவதில்லை. குரல்வளை வாசலைச் சுற்றி ஒரு கிண்ணம் போலக் கவிழ்ந்து நிற்கிறது. கிண்ணத்தின் நுனி உணவுக்குழாயின் மேல் வாயில் போய் முட்டி நிற்க வேண்டும். இந்த நுனியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கசிவு, வயிற்றில் காற்று ஏறுவது, மூச்சு அடைப்பது எனப் பின்னால் வரும் பல தொல்லைகளுக்கு நுனி இடம் மாறியதே காரணமாக இருக்கும்.

யாருக்கு வேண்டாம்

வயிற்றில் இருப்பது மேலேறி வந்தால் எல்.எம்.ஏ. நுரையீரலை முழுதாகக் காக்காது. சாப்பிட்டு 6 மணி நேரம் ஆகாதவர்கள், குடல் அடைப்பு உள்ளவர்கள், படுத்தால் நெஞ்சுக்குப் புளித்து ஏறுகிறது என்பவர்கள், கர்ப்பம் முதல் மூன்று மாதத்தைத் தாண்டியவர்கள், மிக அதிக உடல் பருமன் உள்ளவர்கள் ஆகியோருக்கு ட்யூப்தான் பாதுகாப்பு. விபத்தில் அடிபட்டு வந்தவருக்கு 6 மணிக் கணக்கை நம்பாதீர்கள். வலியும் அதிர்ச்சியும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். வாய் இரண்டரை செ.மீ. கூடத் திறக்காதவருக்கும், நுரையீரல் இறுகியதால் அதிக அழுத்தத்தில் காற்றுச் செலுத்த வேண்டியவருக்கும் இது பொருந்தாது.

அளவும் முன்தயாரிப்பும்

கிளாசிக் எனப்படும் முதல் வகையில் அளவு நோயாளியின் எடையைப் பொறுத்தது. 5 கிலோவரை 1. 5–10 கிலோவுக்கு 1.5, 10–20க்கு 2, 20–30க்கு 2.5, 30–50க்கு 3, 50–70க்கு 4, 70–100க்கு 5. கஃப் (கிண்ணத்தின் விளிம்பில் உள்ள, காற்று நிரப்பும் வளையம்) தாங்கும் அதிகபட்சக் காற்று இதே வரிசையில் 4, 7, 10, 14, 20, 30, 40 மி.லி. இவை உச்ச வரம்புகள். நிரப்பியே ஆக வேண்டிய அளவுகள் அல்ல. ஐ-ஜெல் போன்ற கஃப் இல்லாத வகைகளின் எடைக் கணக்கு வேறு, உறையில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். தேர்ந்தெடுத்ததற்கு ஒரு அளவு பெரியதும் ஒரு அளவு சிறியதும் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். லாரிங்கோஸ்கோப் (குரல்வளையைப் பார்க்கும் கருவி), ட்யூப், சக்ஷன் (உறிஞ்சும் கருவி), சக்ஸமெதோனியம் (தசைகளைத் தளர்த்தும் மருந்து) ஆகியவையும் தயாராக இருக்க வேண்டும்.

கஃப்பில் காற்று நிரப்பி, எங்காவது ஒரு பக்கம் மட்டும் புடைக்கிறதா என்று பாருங்கள். பிறகு கிண்ணத்தின் வாய்ப்பக்கத்தைத் தட்டையான சுத்தமான பரப்பில் அழுத்தியபடி காற்று முழுவதையும் சிரிஞ்சால் உறிஞ்சுங்கள். விளிம்பு சுருக்கமில்லாமல் மெல்லிய கரண்டி போல ஆக வேண்டும். நுனியில் சுருக்கம் இருந்தால் உள்ளே போகும்போது அங்கேதான் மடங்கும். நீரில் கரையும் ஜெல்லியைச் செருகுவதற்குச் சற்று முன் பின்பக்கத்தில் மட்டும் தடவுங்கள். முன்பக்கத்தில் தடவினால் ஜெல்லி குரல்வளைக்குள் வழிந்து இருமலைக் கிளப்பும். வாசலின் வேண்டாம், அது சிலிகோனைக் கெடுக்கும்.

மயக்கத்தின் ஆழம்

100 சதவீத ஆக்சிஜன் மூன்று நிமிடம். பிறகு பெரியவர்களுக்கு மயக்க மருந்தான ப்ரோபோஃபால் கிலோவுக்கு 2 முதல் 2.5 மி.கி.; முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் குறைத்து, மெதுவாக. முன்னதாக வலி மருந்தான ஃபென்டனைல் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் கொடுத்தால் செருகுவது எளிதாகும். தொண்டையின் எதிர்வினைகளை ப்ரோபோஃபால் அடக்கும் அளவுக்கு மற்றொரு மயக்க மருந்தான தயோபென்டோன் அடக்குவதில்லை.

கண் இமை அசைவு நின்றதைப் பார்த்து உடனே செருகாதீர்கள், அது போதாது. இரண்டு கைகளாலும் கீழ்த்தாடையை முன்னே தள்ளிப் பாருங்கள். நோயாளி எந்த அசைவும் காட்டாமல், தாடை தளர்ந்து கொடுத்தால் தொடங்கலாம். கை கால் அசைந்தால் இன்னும் கொஞ்சம் ப்ரோபோஃபால் கொடுத்து, மாஸ்க்கால் காற்றுச் செலுத்தியபடி காத்திருங்கள். அரைகுறை மயக்கத்தில் செருகினால் இருமல், வாந்தி, குரல்வளை இறுக்கம் மூன்றும் வரிசையாக வரலாம்.

செருகுதல்

கழுத்தைச் சற்று முன்னே மடக்கி, தலையைப் பின்னே சாய்த்து வையுங்கள். குழாயும் கஃப்பும் சேரும் இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்துப் பேனாவைப் போலப் பிடியுங்கள். கிண்ணத்தின் திறந்த பக்கம் நாக்கைப் பார்க்க வேண்டும். நுனியைக் கடின அண்ணத்தில் தட்டையாக அழுத்தி, நேராக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே உள்ளே நகர்த்துங்கள்.

விரல் அண்ணத்தை விட்டு விலகவே கூடாது. அண்ணத்தின் வளைவை ஒட்டி, பின்தொண்டைச் சுவரோடு ஒரே ஓட்டமாகத் தள்ளுங்கள். அண்ணத்தை விட்டு விலகினால் நுனி நாக்கில் மோதும், அல்லது குரல்வளை மூடியைக் கீழே மடக்கிவிடும். இனிமேல் போகாது என்கிற தெளிவான தடை தெரிந்ததும் நிறுத்துங்கள். மறு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு விரலை வெளியே எடுங்கள்.

காற்று நிரப்பும்போது குழாயைப் பிடிக்காதீர்கள். குழாய் தானாகச் சிறிது வெளியே வரும், கழுத்தின் முன்பகுதி லேசாகப் புடைக்கும். இரண்டும் நல்ல அறிகுறிகள். உச்ச அளவில் பாதியே பலருக்குப் போதும். அழுத்தமானி இருந்தால் 60 செ.மீ. நீர் அழுத்தத்தைத் தாண்ட விடாதீர்கள். கசிகிறது என்று மேலும் மேலும் காற்றை ஏற்றினால் கஃப் விறைத்துப் போய்க் கசிவு கூடும். நாக்கு நரம்புகளும் நசுங்கும்.

சரியாக உட்கார்ந்ததா?

முதலில் கேப்னோகிராஃப், அதாவது வெளிமூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அலையாகக் காட்டும் கருவி. ஒவ்வொரு மூச்சிலும் சதுர வடிவ அலை வர வேண்டும். சுறாத் துடுப்பு போலச் சரிந்து வந்தால் பாதை எங்கோ குறுகியிருக்கிறது. மார்பு இருபக்கமும் உயர்கிறதா, குழாயின் கறுப்புக் கோடு மேலுதட்டின் நடுவில் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது கசிவு அழுத்தம். நிமிடத்துக்கு 3 லிட்டர் வாயுவோட்டம் வைத்து, ஏ.பி.எல். வால்வை (மயக்க இயந்திரத்தில் கூடுதல் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு) மூடி, வாயருகே காது கொடுங்கள். அழுத்தமானியின் முள் எந்த எண்ணில் ஏறாமல் நிற்கிறதோ அதுதான் கசிவு அழுத்தம். கிளாசிக்கில் சுமார் 20 செ.மீ. நீர் அழுத்தம் எதிர்பார்க்கலாம். 40ஐத் தொட்டால் உடனே வால்வைத் திறந்துவிடுங்கள்.

வடிகால் குழாய் உள்ள ப்ரோசீல், ஐ-ஜெல் வகைகளில் நுனியை நேரடியாகவே சோதிக்கலாம். வடிகால் வாயில் ஒரு சொட்டு ஜெல்லி வையுங்கள். காற்றுச் செலுத்தும்போது அது குமிழாகித் தெறித்தால் நுனி உணவுக்குழாய் வாயை அடைக்கவில்லை. இரைப்பைக் குழாய் வடிகால் வழியே இறங்க மறுத்தால் நுனி மடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். இந்தச் சோதனை வசதிக்காகவே தொடக்கத்தில் இந்த வகைகளில் பழகுவது நல்லது என்று சொல்வோம்.

எல்லாம் சரி என்றால் சுருட்டிய காஸ் துணியைக் கடைவாய்ப் பற்களுக்கிடையே வைத்து, குழாயோடு சேர்த்துப் பிளாஸ்திரி ஒட்டுங்கள்.

தவறினால்

காற்றே போகவில்லை என்றால் மயக்கம் ஆழமாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. குரல்வளை இறுகியிருந்தால் 100 சதவீத ஆக்சிஜனோடு விடாத நேரழுத்தம் கொடுத்து, தாடையை முன்தள்ளி, ப்ரோபோஃபால் சிறிது கூட்டுங்கள், இளகாவிட்டால் சக்ஸமெதோனியம். மயக்கம் போதுமென்றால் காற்றை எடுக்காமலே 5 செ.மீ. வெளியே இழுத்து மறுபடி தள்ளிப் பாருங்கள், மடங்கிய குரல்வளை மூடி பலமுறை இதில் நிமிர்ந்துவிடும். அப்படியும் ஆகாவிட்டால் வெளியே எடுத்து, மாஸ்க்கால் ஆக்சிஜன் கொடுத்து, வேறு அளவோடு முயலுங்கள். மொத்தம் மூன்று முயற்சிக்கு மேல் வேண்டாம்.

இயந்திரத்தால் காற்றுச் செலுத்துகிறீர்களா? ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 6 முதல் 8 மி.லி., உச்ச அழுத்தம் 20 செ.மீ. நீர் அழுத்தத்துக்குள். அதற்கு மேல் போனால் காற்று இரைப்பைக்குள் இறங்கும். நைட்ரஸ் ஆக்சைடு கஃப்புக்குள் ஊடுருவி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். அவ்வப்போது அளந்து, கூடியதை வெளியேற்றுங்கள்.

குழாயில் இரைப்பை நீர் தெரிந்தால் அவசரமாக எல்.எம்.ஏ.வை உருவிவிடாதீர்கள். தலையைத் தாழ்த்தி, 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்து, குழாய் வழியே உறிஞ்சி, மூத்தவரை அழையுங்கள்.

எடுக்கும்போது

நோயாளியைத் தட்டாமல், வாயைக் கிளறாமல், தானாக விழிக்க விடுங்கள். "வாயைத் திறங்க" என்றதும் அவரே திறக்கிறாரா? அப்போதுதான் எடுக்க வேண்டும். காஸ் துணியை அதுவரை அகற்றாதீர்கள். குழாயை இறுகக் கடித்துக்கொண்டு பலமாக மூச்சை இழுத்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். கடித்துவிட்டால் கஃப்பிலிருந்து காற்றை உறிஞ்சுங்கள், சுற்றியுள்ள இடைவெளி வழியே மூச்சு நுழையும்.

எடுத்த கஃப்பில் ரத்தம் இருந்தால் குறித்துவையுங்கள். மீண்டும் பயன்படுத்தும் கிளாசிக் வகையைக் கழுவி, கஃப்பில் துளிக் காற்றும் இல்லாமல் உறிஞ்சிய பிறகே ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைக்க வேண்டும். மிச்சக் காற்று சூட்டில் விரிந்து கஃப்பைக் கெடுக்கும். 40 முறைதான் அதன் ஆயுள். ஒவ்வொரு முறையும் அதனுடன் வரும் அட்டையில் எண்ணிக்கையை எழுதிவையுங்கள்.