கோயிலின் காலத்தைப் போதிகையில் கண்டறிவது எப்படி?

பழைய கோயிலொன்றின் காலத்தை அறிய விரும்புவோர் பலரும் முதலில் இராஜகோபுரத்தையே அண்ணாந்து பார்க்கின்றனர். அது எளிதில் ஏமாற்றிவிடும். திருவரங்கத்தின் தெற்கு இராஜகோபுரம் முழுமை பெற்றதே 1987இல்தான். ஆகவே கோபுரத்தைக் கடந்து, நேரே கருவறையின் புறச்சுவருக்குச் செல்ல வேண்டும். பெரும்பாலான வளாகங்களில் மிகப் பழைய பகுதி அதுவே.

அங்குள்ள அரைத்தூண்களின் உச்சியைப் பாருங்கள். தூணின் தலைக்கும் அது தாங்கும் உத்தரத்துக்கும் இடையே, இருபுறமும் கை நீட்டியதுபோல் அமைந்த கல்லே போதிகை. பல்லவர் போதிகையின் அடிப்புறம் வளைவாக இருக்கும். அவ்வளைவில் தரங்கம் எனப்படும் அலை வரிகள் ஓடும். பலவற்றில் அவற்றின் நடுவே ஒரு பட்டை இறங்கும். முற்காலச் சோழரிடத்தும் இந்த அலைகள் தொடர்ந்தன. பின்னர் அவை மறைந்து, போதிகையின் முனை சாய்வாக வெட்டப்பட்டு, நடுவில் சிறு முளையொன்று நீட்டிக்கொண்டிருக்கும் வடிவம் சோழர் கட்டடங்களில் நிலைபெற்றது. அந்த முளையே காலப்போக்கில் நீண்டு, வளைந்து, விஜயநகர, நாயக்கர் காலங்களில் தலைகீழாகத் தொங்கும் தாமரை மொட்டாயிற்று. புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேய் இந்த வளர்ச்சியை 1914இலேயே வரிசைப்படுத்திக் காட்டினார். உச்சிவெயிலில் இவ்வேறுபாடுகள் எடுபடா. காலை அல்லது மாலைச் சாய்வெயிலே உகந்தது.

அடுத்துக் கூரை விளிம்பான கபோதத்தில் குதிரை லாட வடிவில் வரிசையாக இருக்கும், கூடு எனப்படும் அலங்கார வளைவுகளைக் காண வேண்டும். உச்சி மண்வெட்டித் தகடுபோல் தட்டையாக விரிந்திருந்தால் பல்லவர் பணியாகவும், சிங்க முகம் இருந்தால் சோழர் அல்லது அவருக்குப் பிற்பட்ட பணியாகவும் கொள்ளலாம். ஆனால் போதிகையும் கூடும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், போதிகையின் சான்றையே நான் நம்புவேன்; கூடு சிறியது, திருப்பணியில் மாற்றப்படுவதும் எளிது.

இறுதியாக, கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் ஜகதி எனப்படும் கீழ்ப்பட்டையிலும் அதற்கு மேலே குமுதம் எனப்படும் புடைத்த பட்டையிலும் உள்ள கல்வெட்டு வரிகளைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஒரு கல்லில் தொடங்கிய வரி அடுத்த கல்லில் தொடராமல் அறுபட்டால், சுவரைப் பிரித்துக் கற்களை இடம் மாற்றி அடுக்கியுள்ளனர் என்று பொருள். எழுத்துகள் சீராக ஓடினாலும் எச்சரிக்கை தேவை. 10ஆம் நூற்றாண்டில் செங்கற்கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கிய சோழ அரசி செம்பியன் மாதேவியார், திருக்கோடிகாவில் பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். அங்கே வாசகம் சுவரைவிட மூத்தது.

பழகிக்கொள்ளத் தஞ்சைப் பெரிய கோயிலைவிடச் சிறந்த இடம் இல்லை. 1010இல் நிறைவுற்ற விமானத்தின் போதிகையைப் பார்த்துவிட்டு, அதே திருமுற்றத்தின் வடமேற்கிலுள்ள நாயக்கர் காலத்து முருகன் சன்னதிக்கு நடந்து சென்று அதன் போதிகையைப் பாருங்கள். பின்னர் மீண்டும் விமானத்துக்கே திரும்புங்கள். இரண்டு மூன்று முறை இவ்வாறு நடந்தால், வேறுபாட்டைக் கண் தானாகவே பிரித்தறியத் தொடங்கிவிடும்.