போலோவில் ஆக்டேவியா வீல்: அடாப்டர் வைத்து மாட்டுவது எப்படி

ஃபோக்ஸ்வேகன் போலோ வைத்திருக்கும் பலருக்கும் ஸ்கோடா ஆக்டேவியா, ஜெட்டாவின் 17 இஞ்ச் அலாய் மேல் ஒரு கண் உண்டு. ஒரே குழுமத்து வண்டிகள், சென்டர் போர் (வீலின் நடுத் துளை) எல்லாவற்றிலும் 57.1 மில்லிமீட்டர், வீல் போல்ட்டும் அதே எம்14×1.5 தான். ஆனாலும் வண்டியின் ஹப்பில், அதாவது வீல் மாட்டும் சுழலும் பகுதியில், வைத்துப் பார்த்தால் உட்காராது. போலோவின் ஐந்து துளைகள் 100 மில்லி வட்டத்தில் இருக்கின்றன, அந்த வீல்களின் துளைகள் 112 மில்லி வட்டத்தில். இந்த வட்டத்தின் விட்டம்தான் பிசிடி, துளை எண்ணிக்கையோடு சேர்த்து 5×100, 5×112 என்று எழுதுவார்கள். அதாவது ஒவ்வொரு துளையும் 6 மில்லி தள்ளிப் போகிறது. துளை கொஞ்சம் விலகியிருந்தாலும் சரிக்கட்டும் வாபிள் போல்ட் என்று ஒன்று விற்கிறார்கள், 5×112 வீலை 5×114.3 ஹப்பில் மாட்டுவது போன்ற ஒரு மில்லி சொச்ச வித்தியாசத்துக்குத்தான் அது, 6 மில்லிக்கு ஆகாது. வீலில் இருக்கும் துளையையே இழுத்துத் தருகிறேன் என்று ஏதாவது பட்டறையில் சொன்னால் வீலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இதற்கு வழி அடாப்டர்: ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் தடித்த தட்டு, ஐந்து போல்ட்டால் ஹப்போடு பிடித்து, அதன் மேல் வேறு ஐந்து போல்ட்டால் வீலை மாட்டுவது. அதை வாங்கும் முன் ஒன்று பாருங்கள். இந்தியாவுக்கு 2001-இல் வந்த முதல் தலைமுறை ஆக்டேவியா 5×100 தான். வென்டோ, ரேபிட் எல்லாமும் அப்படியே. அந்த வீல்கள் நல்ல நிலையில் கிடைத்தால் அடாப்டரே வேண்டாம், நான் அதைத்தான் சொல்வேன். லாராவும் அதற்குப் பின் வந்த ஆக்டேவியாக்களும்தான் 5×112.

சரி, 112 வீல்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். முதலில் காகிதத்தில் கணக்குப் போடுங்கள், ஏனென்றால் அடாப்டர் எத்தனை மில்லி தடிமனோ அத்தனை மில்லி வீல் வெளியே வரும். போலோவின் 15 இஞ்ச் வீல் 6 இஞ்ச் அகலம், ஆஃப்செட் 40, அதாவது ஹப்பில் உட்காரும் முகம் வீல் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து 40 மில்லி வெளிப்பக்கம் இருக்கிறது. நீங்கள் வாங்கும் 17 இஞ்ச் வீலின் பின்பக்கத்தில் 7 ஜே, ஈடி 49 (7 இஞ்ச் அகலம், ஆஃப்செட் 49) என்று பொறித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 மில்லி அடாப்டர் போட்டால் ஆஃப்செட் 29 ஆகிவிடும். அகலம் கூடியதையும் சேர்த்தால் வெளி விளிம்பு பழையதைவிட கிட்டத்தட்ட 24 மில்லி வெளியே நிற்கும், உள்பக்கம் இரண்டு மில்லிகூட மாறாது. அதே வீல் ஏழரை இஞ்ச், ஈடி 51 என்றால் வெளியே 28 மில்லி, உள்ளே ஸ்ட்ரட் (சஸ்பென்ஷன் தூண்) பக்கம் 10 மில்லி. நாலு பேரை ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் இறங்கும்போது பின் டயர் மட்கார்டு விளிம்பில் உரசுவது இந்த வெளி அளவைப் பொறுத்ததுதான். டயருக்கு 215/40 ஆர்17 எடுங்கள், பழைய 185/60 ஆர்15 டயரின் உயரம் 603 மில்லி, இதுவும் 604-தான் வரும், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது.

அடாப்டரில் 15 மில்லிக்கும் கிடைக்கும். வேண்டாம். ஹப்போடு அடாப்டரைப் பிடிக்கும் போல்ட்டின் தலை முழுக்க உள்ளே புதைய வேண்டும், வீல் போல்ட் ஏறுவதற்கு மரையும் வேண்டும், இரண்டுக்கும் 20 மில்லியாவது இருந்தால்தான் நிம்மதி. வார்ப்பு அலுமினியம் கூடாது, 6061-டி6 அல்லது 7075-டி6 ரக அலுமினியத்தை அடித்துச் செய்து கடைந்ததாக இருக்கட்டும். உள்பக்கம் ஹப்பில் 57.1-க்குச் சிக்கென்று உட்கார வேண்டும், வெளிப்பக்கம் வீலின் நடுத் துளையில் நுழைந்து அதைத் தாங்கும் லிப்பும் (துருத்திய வளையம்) 57.1 இருக்க வேண்டும். மெர்சிடிஸ் வீலும் 5×112 தான், ஆனால் அதன் சென்டர் போர் 66.6, அதற்கு வாங்கினால் வெளி லிப் அந்த அளவில் கேட்டு வாங்குங்கள். லிப் இல்லாத அடாப்டரைப் போட்டால் 80-க்கு மேல் ஸ்டியரிங் ஆடும், பேலன்சிங் எத்தனை தடவை செய்தாலும் போகாது.

அடுத்தது போல்ட்டின் உட்காரும் முகம், அதாவது தலைக்கு அடியில் வீலில் போய் அழுந்தும் பகுதி. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா ஒரிஜினல் வீல்களில் அது உருண்டை. வெளியில் விற்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் கூம்பு. பார்க்க ஒன்றுபோல இருக்கும், அதில்தான் ஆபத்து. சந்தேகமாக இருந்தால் போல்ட் முகத்தில் மார்க்கர் மை தடவி, லேசாக முறுக்கி, கழற்றிப் பாருங்கள். உருண்டைக்கு உருண்டை என்றால் மை பட்டையாக அழிந்திருக்கும், கூம்பு என்றால் நூல் போல ஒரு வளையம் மட்டும் தெரியும். அந்த நூல் அளவு இடத்தில்தான் வீலின் பிடிமானம் முழுவதும் நிற்கும், அது இளகாமல் இருக்காது.

இனி மாட்டும் வேலை. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டும் வையுங்கள். பழைய வீலைக் கழற்றியதும் ஹப் முகத்திலும் நடு மூக்கிலும் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் மின்னும்வரை தேயுங்கள். டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூவின் தலை துருத்திக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அடாப்டரை வைத்து போல்ட்டுகளைக் கையால் முறுக்குங்கள். எம்14 மரை குறைந்தது ஒன்பது சுற்றாவது ஏற வேண்டும், அதேசமயம் அதிக நீளமாக இருந்தால் பின்பக்க டிரம்மின் உள்ளே போய் இடிக்கும், அதனால் ஹப்பைக் கையால் சுழற்றிச் சத்தம் கேளுங்கள் (பின்பக்கம் என்றால் முன் வீல்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, அதற்கு மட்டும் ஹேண்ட்பிரேக்கை எடுங்கள்). குறுக்கும் மறுக்குமாக டைட் வைத்து, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர் கொடுங்கள். ஏர் கன் கிட்டேயே வரக் கூடாது, மரையில் கிரீஸும் கூடாது. முடிந்ததும் அடாப்டருக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகிப் பாருங்கள். எங்காவது நுழைந்தால் அது சரியாகப் படியவில்லை, கழற்றித் திரும்ப வையுங்கள். அப்புறம் வீலை மாட்டி அதே முறையில் 120.

ஐம்பதிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் திரும்ப டைட் பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பலர் வெளியே தெரியும் ஐந்து போல்ட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இளகினால் பெரிய ஆபத்து உள்ளே மறைந்திருக்கும் ஐந்தால்தான். வீலைக் கழற்றி அவற்றையும் பாருங்கள், அதன் பிறகும் டயர் ரொட்டேஷனுக்கு விடும்போதெல்லாம் தவறாமல் பாருங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறுபடக் கூடாது என்கிறது, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இன்சூரன்ஸ் கம்பெனி என்ன சொல்லும் என்பதை, காசு செலவழிக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி இன்னமும் 5×100 தான், அது அடாப்டர் மேல் ஏறாது. நடுரோட்டில் பஞ்சர் ஆனால் வீலோடு அடாப்டரையும் கழற்றிவிட்டுத்தான் ஸ்டெப்னியை மாட்ட முடியும். அதற்குப் பழைய ஒரிஜினல் போல்ட் ஐந்தும், அடாப்டரின் உள் போல்ட்டுக்குப் பொருந்தும் சாக்கெட்டும், அதைத் திருப்ப நீளமான கைப்பிடியும் ஒரு துணிப்பையில் ஸ்டெப்னிக் குழியிலேயே கிடக்கட்டும்.