அரை வாட்டை அளப்பதில் நேரும் தவறுகள்

சுவிட்சைப் போட்டு வைத்திருக்கும் மைக்ரோவேவ் அடுப்பு, யாரும் சமைக்காத நேரத்திலும் மணி காட்டுவதற்காக மின்சாரம் எடுத்துக்கொண்டேதான் இருக்கிறது. இந்தக் காத்திருப்பு மின்நுகர்வை ஒரு பொருளுக்கு 1 வாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற முயற்சியைப் பன்னாட்டு எரிசக்தி முகமை 1999இல் முன்வைத்தது. அதன்பின் ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் 1275/2008 என்ற ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது. 2025 மே 9 முதல் அதன் இடத்தில் 2023/826 என்ற புதிய விதி நடைமுறையில் உள்ளது. அதன்படி காத்திருப்பு நிலையில் 0.5 வாட்டும், மணி போன்ற தகவலைக் காட்டும் திரை இருந்தால் 0.8 வாட்டும்தான் உச்ச வரம்பு. அணைத்த நிலைக்கு இப்போது உள்ள 0.5 வாட் வரம்பு 2027 மே 9 முதல் 0.3 வாட்டாகக் குறைகிறது.

வரம்பு இவ்வளவு சிறியது என்பதே சோதனையின் தன்மையை மாற்றிவிடுகிறது. 2,000 வாட் ஹீட்டரை அளக்கும்போது கண்ணுக்கே தெரியாத ஒரு பிழை, அரை வாட்டை அளக்கும்போது தேறிய பொருளைத் தோற்றதாகவும் தோற்ற பொருளைத் தேறியதாகவும் காட்டிவிடும். சோதனை மேசையில் காணும் தவறுகளில் பெரும்பாலானவை, அளக்கும் கருவியும் அதன் இணைப்பும் மின்மூலமும் அளவீட்டுக்குள் தாமே புகுந்துவிடுகின்றன என்பதை மறப்பதால் வருபவை.

முதல் தவறு, மல்டிமீட்டரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் தனித்தனியே பார்த்துப் பெருக்கிவிடுவது. இது எவ்வளவு தூரம் தவறாகப் போகும் என்பதை ஒரு கணக்கில் காணலாம். மின்காந்தக் குறுக்கீட்டைத் தடுப்பதற்காகப் பல கருவிகளின் நுழைவாயிலில் லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஒரு மின்தேக்கி இருக்கும். அது 0.47 மைக்ரோஃபாரட் என்று கொண்டால், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அது மட்டுமே ஏறத்தாழ 34 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். பெருக்கினால் 7.8 என்று வரும். ஆனால் அது வோல்ட்-ஆம்பியர், வாட் அன்று; மின்தேக்கி எடுக்கும் மின்திறன் செலவாகாமல் மின்மூலத்துக்கே திரும்பிவிடுகிறது. அந்தக் கருவி உண்மையில் செலவழிப்பது 0.3 வாட்டாக இருக்கலாம். வரம்புக்குள் நிற்கும் பொருளை 15 மடங்கு மீறியதாக எழுதிவிடுவோம்.

மல்டிமீட்டரை விட்டுவிட்டு வாட் மீட்டருக்கு மாறியதும் சிக்கல் தீர்ந்தது என்று எண்ணுவது இதன் தொடர்ச்சி. மேற்சொன்ன கருவியில் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையேயான கோணம் 90 பாகைக்கு மிக அருகில் இருக்கிறது. அந்த இடத்தில் மீட்டர் ஒரே ஒரு பாகை பிசகினாலும், 7.8 வோல்ட்-ஆம்பியரில் அது 0.136 வாட் பிழையாக மாறும், 0.3 வாட் என்பது 0.44 ஆகவும் தெரியலாம், 0.16 ஆகவும் தெரியலாம். வயரைச் சுற்றிக் கவ்வும் கிளாம்ப் வகை உணரிகளில் இந்த அளவு கோணப் பிழை அரிதன்று. ஆகவே காத்திருப்பு அளவீட்டுக்கு ஷண்ட், அதாவது மின்னோட்டப் பாதையிலேயே வைக்கும் மிகச் சிறிய மின்தடை, வழியாக மின்னோட்டத்தை நேரடியாக அளக்கும் பவர் அனலைசரே ஏற்றது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) 62301 தரநிலை, 1 வாட்டுக்குக் கீழான அளவீட்டில் ஐயப்பாடு (அளவு உண்மையிலிருந்து விலகியிருக்கக்கூடிய எல்லை) பொதுவாக 0.02 வாட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. அலைவடிவம் மிகக் கூர்மையாகவும் திறன் காரணி (வாட்டை வோல்ட்-ஆம்பியரால் வகுத்த விகிதம்) மிகத் தாழ்வாகவும் இருக்கும் பொருள்களுக்கு மட்டும், ஒரு சூத்திரத்தின்படி அதைச் சற்றுத் தளர்த்துகிறது.

அடுத்தது, நல்ல அனலைசர் கையில் இருந்தும் செய்யும் தவறு. எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுதான், ஏனெனில் ஒரு வயரை இடம் மாற்றினாலே இது சரியாகிவிடும். அனலைசரின் மின்னழுத்த முனைகளை ஷண்ட்டுக்கு முன்னால், அதாவது மின்மூலத்தின் பக்கம் இணைக்கலாம். அல்லது ஷண்ட்டுக்குப் பின்னால், சோதனைப் பொருளின் பக்கம் இணைக்கலாம். பின்னால் இணைத்தால், மின்னழுத்த உள்ளீடு எடுக்கும் சிறு மின்னோட்டமும் ஷண்ட் வழியாகப் பாய்ந்து பொருளின் கணக்கில் சேரும். உள்ளீட்டு மின்தடை 2 மெகாஓம் என்றால், 230 வோல்ட்டில் அது 26 மில்லிவாட். கைப்பேசி சார்ஜர் போன்ற சிறிய அடாப்டருக்கு, சுமை எதுவும் இணைக்காத நிலையில் ஐரோப்பிய விதி 2019/1782 தரும் வரம்பே 0.10 வாட்தான், அதில் கால் பங்குக்கு மேல் அனலைசரே எடுத்துக்கொள்கிறது. முன்னால் இணைத்தால், ஷண்ட்டில் வீணாகும் மின்திறன் மட்டுமே பிழையாகச் சேரும். ஷண்ட் அரை ஓம் என்று வைத்துக்கொண்டாலும், 34 மில்லிஆம்பியரில் அது 0.6 மில்லிவாட்டைத் தாண்டாது. சோதனையைத் தொடங்கும் முன் பொருளைக் கழற்றிவிட்டு, மின்மூலத்தை மட்டும் ஓடவிட்டு அனலைசரைப் பாருங்கள். அங்கே 20, 30 மில்லிவாட் நின்றால் வயர் தவறான பக்கத்தில் இருக்கிறது. பெரிய மின்னோட்டத்தை அளக்கும்போது நிலைமை தலைகீழாகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். காலையில் ஹீட்டரைச் சோதித்த அதே இணைப்பில் மாலையில் சார்ஜரைச் சோதிக்கக் கூடாது.

நேரம் பற்றிய தவறு இன்னொன்று. இன்றைய மின்மாற்றுச் சுற்றுகள் சுமை குறைவாக இருக்கும்போது தொடர்ச்சியாக இயங்குவதில்லை. சிறிது நேரம் இயங்கி, சிறிது நேரம் ஓய்ந்து, மீண்டும் இயங்குகின்றன. திரையில் அந்த நொடியில் தெரிந்த எண்ணை எழுதிக்கொள்வது, ஓடும் பேருந்தை ஒரு புகைப்படத்தில் பார்த்து அதன் சராசரி வேகத்தைச் சொல்வதற்கு ஒப்பாகும். தரநிலை பரிந்துரைக்கும் மாதிரி முறையில் நொடிக்கு ஒரு தடவையேனும் அளவைப் பதிவுசெய்து, குறைந்தது 15 நிமிடம் தொடர்ந்து, முதல் மூன்றில் ஒரு பங்குப் பதிவுகளை விலக்கி, எஞ்சியவற்றில் போக்கு நிலையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1 வாட்டும் அதற்குக் கீழும் இருந்தால், மணிக்கு 10 மில்லிவாட்டுக்குக் குறைவான ஏற்றஇறக்கமே நிலையானதாகக் கொள்ளப்படும். பொருளுக்குள் பேட்டரி இருந்து அது இன்னும் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால், இந்த நிபந்தனை நிறைவேறாமல் அதுவே நம்மை எச்சரிக்கும். அனலைசரின் வீச்சை, அதாவது அது அளக்கும் மின்னோட்ட எல்லையை, தானியங்கியாக விட்டுவைப்பதும் இங்கே ஆபத்து. துடிப்பு வரும் ஒவ்வொரு முறையும் வீச்சு மாறினால், அந்த இடைவெளியில் அளவு தவறிப்போகலாம். மின்னோட்டத்தின் உச்சியைத் தாங்கும் மிகச் சிறிய வீச்சைக் கண்டுபிடித்து அதிலேயே நிறுத்திவிட வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், எந்த நிலையை அளக்கிறோம் என்பதில் கோட்டைவிட்டால் முழு அறிக்கையும் பயனற்றது. வைஃபை வசதியுள்ள ஒரு சவுண்ட்பாரை எடுத்துக்கொள்வோம். பாட்டை நிறுத்திய உடனே அது காத்திருப்புக்குப் போய்விடுவதில்லை. வலையமைப்பு வழியாக எழுப்பக்கூடிய காத்திருப்பு நிலைக்குத் தானாகவே போவதற்கு, தொழிற்சாலை அமைப்பில் 20 நிமிடம் வரை விதி இடம் தருகிறது. ஐந்தாவது நிமிடத்தில் எடுத்த அளவு, அந்தப் பொருள் விழித்திருந்தபோது எடுத்த அளவாகவே இருக்கலாம். அந்த வலையமைப்புக் காத்திருப்புக்கு வரம்பு 2 வாட். ரவுட்டர் போன்று எப்போதும் இணைப்பைக் காக்க வேண்டிய கருவிகளுக்கு 8 வாட். வைஃபையை அணைத்து, கேபிள்களையும் கழற்றிவிட்டால், அதே சவுண்ட்பார் 0.5 வாட் வரம்புக்குள் வர வேண்டும். ஆக இவை இரண்டு தனிச் சோதனைகள். ஒன்றைச் செய்துவிட்டு இரண்டுக்கும் கையெழுத்திடுவது தவறு. ரவுட்டரோடு இணைக்காமலேயே வலையமைப்புக் காத்திருப்பை அளப்பதும், வேகமாக விழிக்கும் வசதியைச் சோதனைக்காக மட்டும் அணைத்துவிட்டு அளப்பதும் இதே வகைதான். பொருள் பெட்டியிலிருந்து வரும்போது எந்த அமைப்பில் இருக்கிறதோ, வாங்குபவர் வீட்டில் அது பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.

பொருள் மின்வலையை எவ்வளவு கெடுக்கிறது என்று பார்க்கும் மின் தரச் சோதனைக்கு வரும்போது மின்மூலமே முதல் சந்தேகத்துக்குரியது. சுவர் சாக்கெட்டில் வரும் மின்னழுத்த அலையின் உச்சி பெரும்பாலும் சற்றுத் தட்டையாக இருக்கும். ரெக்டிஃபையரும் மின்தேக்கியும் கொண்ட கருவி அந்த உச்சியில்தான் மின்னோட்டத்தை இழுக்கிறது. உச்சி தட்டையானால் மின்னோட்டம் சற்று நீண்ட நேரம் பரவி, ஹார்மோனிக் அளவுகள் (மின்வலை அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் கூறுகள்) உண்மையைவிடக் குறைந்து தெரியும்; தோற்க வேண்டிய பொருள் தேறிவிடும். அதனால்தான் ஐஇசி 61000-3-2, மின்மூலத்தின் உச்ச மதிப்பு பயன்மதிப்பைப்போல் (ஆர்எம்எஸ்) 1.40 முதல் 1.42 மடங்குக்குள் இருக்க வேண்டும் என்றும், மூன்றாம் ஹார்மோனிக் 0.9 விழுக்காட்டையும் ஐந்தாவது 0.4 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்றும் கேட்கிறது.

அதே தரநிலையில் பொருளின் வகுப்பைத் தவறாகக் குறிப்பதும் நேர்கிறது. தொலைக்காட்சி, கணினி, மானிட்டர் ஆகியவை 75 முதல் 600 வாட் வரை டி வகுப்பைச் சேர்ந்தவை. அங்கே வரம்பு வாட்டுக்கு இவ்வளவு மில்லிஆம்பியர் என்று கணக்கிடப்படுகிறது. 100 வாட் தொலைக்காட்சிக்கு மூன்றாம் ஹார்மோனிக் 0.34 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதை ஏ வகுப்பில் வைத்தால் வரம்பு 2.30 ஆம்பியராகிவிடும், அந்தப் பொருள் அப்போது தோற்கவே முடியாது.

பொருள் இயங்கும்போது மின்னழுத்தம் ஏறி இறங்கி விளக்குகள் மினுங்குகின்றனவா என்று பார்க்கும் மினுமினுப்புச் சோதனையில் பெரும்பாலும் விடுபடுவது, அதற்குரிய தரநிலை கேட்கும் ஒப்பீட்டு மின்மறுப்பு. ஒற்றை முனை இணைப்பில் அது 0.4 ஓம் மின்தடையும் 0.25 ஓம் தூண்டல் மறுப்பும் சேர்ந்தது. ஹீட்டர் சுவிட்ச் விழும்போது தெருவின் வயரில் மின்னழுத்தம் எவ்வளவு சரியும் என்பதற்கு அதுவே பதிலி. அது இல்லாமல் உறுதியான மின்மூலத்தில் நேரடியாகச் சோதித்தால், எந்தப் பொருளும் நல்ல மதிப்பையே தரும்.

கடைசியாக, 0.55 வாட் வந்த பொருளை, விதியில் சரிபார்ப்புக்கென்று ஒரு சலுகை வரம்பு இருக்கிறதே என்று சொல்லித் தேர்ச்சி பெற்றதாக எழுதுவது. அந்தச் சலுகை சந்தைக் கண்காணிப்பு அலுவலர்கள் தங்கள் அளவீட்டு வேறுபாட்டுக்காக வைத்துக்கொள்வது. தயாரிப்பாளர் தன் அறிவிப்பில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று விதியே வெளிப்படையாகச் சொல்கிறது. அலுவலர்கள் சோதிக்கும் முதல் பொருள் தவறினால், அதே மாதிரியில் மேலும் மூன்றை எடுத்துச் சோதிப்பார்கள். எனவே அறிக்கையில் வாட் எண்ணோடு, வயர் எந்தப் பக்கம் இருந்தது, எந்த வீச்சு, எந்த மின்மூலம், எந்தப் பொத்தான்களை எந்த வரிசையில் அழுத்தி எத்தனை நிமிடம் காத்திருந்தோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். அப்போதுதான் இன்னோர் ஆய்வகம் அதே பொருளை வைத்து அதே எண்ணை எடுத்துக் காட்ட முடியும்.