1960களின் காரையும் 1990களின் காரையும் எப்படி ஒப்பிடுவது?

இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால் 1990களின் கார்தான் ஜெயிக்கும். அதை வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. தென்படும் குறை தேய்மானத்தால் வந்ததா, அந்தக் காலத்து அமைப்பே அப்படியா என்று பிரித்துப் பார்ப்பதுதான் முக்கியம்.

முதலில் ஸ்டீயரிங். சக்கரங்களை நேராக வைத்து லேசாக அசையுங்கள். ஸ்டீயரிங் பாக்ஸ் (ஸ்டீயரிங் தண்டின் அடியிலுள்ள கியர் பெட்டி) வைத்த பழைய காரில் ஸ்டீயரிங் விளிம்பில் 25 மி.மீ. வரை ஆட்டம் இருப்பது சகஜம். ரேக் அண்ட் பினியனில் (பல் சக்கரம் பல் தண்டை நகர்த்தும் அமைப்பு) அவ்வளவு இருந்தால், அதைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டையும் ரேக்கையும் சந்தேகப்படுங்கள். பிறகு ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பழையதில் கிங்பின், புதியதில் பால் ஜாயிண்ட் (இரண்டும் முன்சக்கரம் திரும்ப உதவும் மூட்டுகள்).

சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்று பார்க்கும் கம்ப்ரெஷன் சோதனைதான் இரண்டு இன்ஜினுக்கும் நியாயமானது. இன்ஜின் சூடாக இருக்கட்டும். எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, பிளக் துளையில் பொருத்திய கேஜின் முள் ஏறி நிற்கும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். இரண்டிலும் இக்னிஷன் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் காரில் பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் பிடுங்குங்கள். இல்லையென்றால் பீய்ச்சும் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவி, அளவைப் பொய்யாக்கும். பழைய இன்ஜினில் கம்ப்ரெஷன் விகிதமே குறைவு என்பதால் 120 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டினாலும் நல்ல நிலையாக இருக்கலாம். புதியதில் 170 பக்கம் வரலாம். மேனுவலில் உள்ள அளவோடுதான் ஒப்பிட வேண்டும், இன்னொரு காரோடு அல்ல. சிலிண்டர்களுக்குள் 10–15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

சார்ஜிங்கில் பலர் ஏமாறுகிறார்கள். பேட்டரியை சார்ஜ் செய்ய டைனமோ உள்ள பழைய காரில் ஐட்லிங்கில் சிவப்பு விளக்கு மினுங்குவது பழுதல்ல, வேகம் கூடினால் அணைய வேண்டும். அதே வேலையைச் செய்யும் ஆல்டர்நேட்டரிலோ ஐட்லிங்கிலேயே பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும்.

துருவைப் பார்க்கும் கண்ணும் மாற வேண்டும். தனி சேஸிஸ் உள்ள காரில் மட்கார்டு ஓட்டையாகிவிட்டால் அதை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் சேஸிஸைத் தட்டிப் பார்த்தே தீர வேண்டும். தனி சேஸிஸ் இல்லாத மோனோகாக்கில் பாடிதான் எலும்பு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ‘சில்’ பகுதியும், சஸ்பென்ஷனின் மேல்முனையைத் தாங்கும் ஸ்ட்ரட் டவரும் துருப்பிடித்திருந்தால் பெயின்ட் பளபளப்பை நம்பாதீர்கள்.

பழையதில் இக்னிஷனின் பாயிண்ட் கேப் (தொடுமுனைகளின் இடைவெளி) மாறினால் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து, பெரும்பாலான கார்களில் 0.4 மி.மீ. அளவுக்குச் சரிசெய்துவிடலாம். 1990களின் காரில் அந்த வசதி இல்லை. வால்வுகளை பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றியது என்று ரசீது இல்லாவிட்டால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பல இன்ஜின்களில் அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவின் மூடியையும் திறந்து பாருங்கள். கெபாசிட்டர் அடியில் பிசுபிசுப்போ மீன் வாடையோ இருந்தால் திரவம் கசிகிறது. போர்டின் செம்புத் தடங்களை அது அரிப்பதற்குள் கெபாசிட்டரை மாற்றிவிட வேண்டும்.