மதுரையிலிருந்து கோவைக்கு, ஜன்னலைப் பார்த்தே ஒரு சிமுலேட்டர் பயணம்

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன், இலவசமாகக் கிடைக்கும் ஃபிளைட்கியர், உங்களிடம் எது இருந்தாலும் சரி, முதல் ஊர்விட்டு ஊர் பயணத்துக்கு செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தை எடுத்து மதுரையிலிருந்து கோவைக்குப் போங்கள். ஜிபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். பஸ்ஸில் நூறு முறை பார்த்த ஊர்கள் மேலிருந்து எப்படித் தெரிகின்றன என்று நீங்களே கண்டுபிடிப்பதில்தான் இதன் சுகமே இருக்கிறது.

விமான நிலையக் குறியீடுகள் மதுரைக்கு VOMD, கோவைக்கு VOCB. நேர்கோட்டில் சுமார் 95 நாட்டிகல் மைல்தான் (ஒன்று 1.85 கி.மீ., கீழே மைல் என்பதெல்லாம் இதுதான்), ஆனால் நேராகப் போகாதீர்கள். அந்தக் கோட்டில் பழனி மலைத்தொடரின் கிழக்குப் பகுதி 4,000 அடியைத் தாண்டி நிற்கிறது. முதல் தடவை நான் 3,500 அடியில் மேகத்துக்குள் நேர்கோடு பிடித்துப் போய் அதில்தான் மோதினேன். அதனால் ரயில் போகிற வழியே போவோம்: கொடை ரோடு, திண்டுக்கல், பழனி, கோவை. மொத்தம் 105 மைல் சொச்சம், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், பாதி டேங்க் எரிபொருள் தாராளம்.

நேரத்தைக் காலை 7 மணிக்கு வையுங்கள். மாலையில் கிளம்பினால் திண்டுக்கல்லிலிருந்து பழனி வரை சூரியன் கண்ணைக் குத்தும், எதிரே ஒன்றும் தெரியாது.

மேற்கிலிருந்து காற்று என்றால் ரன்வே 27. 55 நாட் (knot) வேகத்தில் மூக்கைத் தூக்கி, 75-80 நாட் வேகத்தில் ஏறி, வலது பக்கம் திரும்பி ஹெட்டிங் (மூக்கு பார்க்கும் காம்பஸ் திசை) 335 பிடியுங்கள். திரும்பும்போதே வலது ஜன்னலில் திருப்பரங்குன்றம் ஒற்றைப் பாறையாக நிற்கும். அப்புறம் நீளமாகக் கிடக்கிற நாகமலை, அதைத் தாண்டினால் வைகை. சோழவந்தான் பக்கம் ஆற்றைக் கடக்கும்போது உயரத்தைப் பாருங்கள், 4,000 அடியாவது ஏறியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு வட்டம் அடித்து ஏறிக்கொண்டு போங்கள். நமக்கு வேண்டியது 6,500. மேற்குப் பக்கம் போகிற விமானம், கண்ணால் பார்த்துப் பறக்கும்போது, இரட்டைப்படை ஆயிரத்தோடு 500 அடி என்பது விதி. 3,000 அடிக்கு மேல் மிக்ஸ்சரை, அதாவது காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, என்ஜின் சீராக ஓடும் இடத்தில் விடுங்கள்.

கொடை ரோட்டில் சிறுமலை வலது பக்கம், பழனி மலைத்தொடர் இடது பக்கம், நடுவில் சாலையும் தண்டவாளமும். அந்த இடைவெளியிலேயே வடக்கே போனால் திண்டுக்கல் பாறைக்கோட்டை வரும். அங்கே இடது திரும்பி ஹெட்டிங் 280.

இங்கிருந்து பழனி வரை 27 மைல், இதில்தான் கவனம் வேண்டும். இடது பக்கத்து மலைகள் 8,000 அடிக்கு மேல் போகின்றன, நீங்கள் இருப்பது 6,500. மலையை ரசித்துக்கொண்டே இடது பக்கம் சாய்ந்துவிடுவோம், அது எல்லாருக்கும் நடக்கும். ஒட்டன்சத்திரம் வலது ஜன்னலில், கொஞ்சம் தள்ளி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சரியான கோட்டில் இருக்கிறீர்கள். கூடவே, கால் மணிக்கு ஒரு முறை திசைகாட்டும் கைரோவைக் காம்பஸோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள், அது மெல்ல விலகிக்கொண்டே இருக்கும்.

சமவெளியில் தனியாக எழுந்து நிற்கும் சின்னக் குன்று, பக்கத்தில் இன்னொன்று என்று தெரிந்தால் அதுதான் பழனி, இடும்பன் மலையோடு. அங்கிருந்து ஹெட்டிங் 320, கோவைக்கு 45 மைல். நிஜ வானிலையைப் போட்டிருந்தால், ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இடது பக்கமிருந்து தள்ளும். உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. 5 முதல் 10 டிகிரி வரை இடது பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

20 மைல் இருக்கும்போதே நிமிடத்துக்கு 500 அடி வீதம் இறங்கத் தொடங்குங்கள். மிக்ஸ்சரைத் திரும்ப ஏற்ற மறக்க வேண்டாம். கோவை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,324 அடி உயரத்தில் இருக்கிறது, மதுரை 459 தான். மதுரைக் கணக்கில் 1,500 அடிக்கு இறங்கினால் கூரைகளை உரசிக்கொண்டு போவீர்கள், 2,300 அடியில் சுற்றுங்கள். மேற்குக் காற்று என்றால் ரன்வே 23. தென்கிழக்கிலிருந்து வருவதால் அப்படியே ரன்வேக்கு இணையாக 050 திசையில் போய், இரண்டு முறை இடது திரும்பினால் நேர் எதிரே ரன்வே. ஃபிளாப்ஸ் (இறக்கையின் பின்னால் இறங்கும் மடல்கள்) முழுக்க, வேகம் 65 நாட். ரன்வே மிக நீளம், அவசரமாகத் தரையில் வைக்க வேண்டாம்.

திரும்பி வரும்போது திசை கிழக்கு, ஆகவே ஒற்றைப்படை: 7,500 அடி. பழனி மலைத்தொடர் அப்போது வலது ஜன்னலில் வரும்.